மாநாட்டுக்கு வந்த மாப்பிள்ளை வீட்டார்

கரூர் பைபாஸ் பக்கம் இருக்கும் வெற்றிவேல் திருமண மண்டபத்தின் வாசலில், ஆவணி மாதத்து முகூர்த்த ஞாயிறு ஒன்றில், "தயாபரன் – ஷீலா" என்று ஆளுயரப் பூப்பலகை நின்றதற்கு மண்டப மேனேஜரின் பிடிவாதம்தான் முழுக் காரணம் என்று குளித்தலை சாதிக்பாட்சா இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். மண்டபத்துப் பதிவேட்டில் மணமகன், மணமகள் என்று இரண்டே கட்டங்கள்தான் இருந்தன. வாசகர் மாநாடு என்று எழுதக் கட்டம் கிடையாது. கட்டம் நிரம்பாமல் சாவி கொடுக்க முடியாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். 'திகில் தோரணம்' மாத நாவலுக்கு அறுநூற்றுச் சொச்சம் வாசகர் கடிதம் எழுதிய அதே கையால், வாசகர் மன்றத் தலைவர் சாதிக்பாட்சா மணமகன் கட்டத்தில் அந்த நாவல்களின் நாயகன் துப்பறியும் தயாபரன் பெயரையும், மணமகள் கட்டத்தில் அவனுடைய உதவியாளரும் காதலியுமான ஷீலாவின் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். இருபத்தாறு வருஷம், முன்னூற்றுப் பன்னிரண்டு நாவல், காதலித்துக்கொண்டே மட்டும் இருந்த ஜோடி. ஒரு பதிவேட்டிலாவது சேரட்டுமே என்று நினைத்தாராம். பூ அலங்காரக்காரர் பதிவேட்டைப் பார்த்துப் பலகை செய்தார், அவர்மேல் தப்புச் சொல்ல முடியாது.

கோகிலவாணி திருச்செங்கோட்டிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து அந்தப் பலகைக்கு முன்னால் நின்றாள். ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. ஒரு நாளைக்கு நாற்பது கைகளைப் பிடிப்பவள், பதற்றப்படாதவள் என்று பெயர் எடுத்தவள், இன்றைக்குத் தன் பையை மூன்றாவது தடவையாகத் திறந்து மூடிவிட்டுத் தானே வெட்கப்பட்டாள். பையில் நீளவாக்கு நோட்டு ஒன்று இருந்தது. நாலு வருஷமாக எழுதி, அடித்து, திரும்ப எழுதிய கதை அதில் இருந்தது. தயாபரன் கதைகளைத் தன்னைத் தவிர இன்னொரு உயிர் படித்து இதுவரை நேரில் பார்த்திராத அவளுக்கு, உள்ளே இருநூறு பேர் ஒரே நேரத்தில் ஒரே நாவலைப் பற்றிச் சண்டை போடும் சத்தம் கேட்டதும், அழலாமா சிரிக்கலாமா என்று தெரியவில்லை.

அந்த வருஷத்து மாநாட்டில் ஒரு விசேஷம் இருந்தது. எழுத்தாளர் மதனகோபிக்கு எழுபத்தொரு வயது. போன மாதத்து முன்னூற்றுப் பன்னிரண்டாவது நாவலில் தயாபரனைச் சிம்லாவில் பனிச்சரிவுக்குள் தள்ளிவிட்டு, வெளியே எடுக்கிற வழி தெரியாமல் 'தொடரும்' என்று போட்டுவிட்டார். கண் ஆபரேஷன் வேறு ஆகியிருந்தது. ஆகவே, மாநாட்டு மேடையில் புது எழுத்தாளர்கள் ஆளுக்குக் கால் மணி நேரம் தங்கள் கதையின் முக்கிய இடங்களைப் படிக்கலாம், பிடித்த ஒன்றை முன்னூற்றுப் பதின்மூன்றாவது நாவலாக எழுதியவர் பெயரிலேயே அச்சிடுவோம் என்று அறிவித்திருந்தார்கள். நாலு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். கோகிலவாணி நாலாவது.

அவள் கதையில் தயாபரன் பனியிலிருந்து மீண்டு வருகிறான். கடைசியாக ஒரு வழக்கை முடிக்கிறான். முடித்த கையோடு கத்திக்குத்து வாங்கி, ஊர் பேர் சொல்லாமல் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் சாகிறான். அவனுக்குத் தாய் தகப்பன் இல்லை என்று மதனகோபி முதல் நாவலின் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தார் அல்லவா. அதனால் கேட்பார் இல்லாமல் பிணவறையில் கிடக்கிறான். அநாதைப் பிணம் என்று சீட்டு எழுதி அவன் காலில் கட்டுவதோடு கதை முடியும். அந்தச் சீட்டுக்காகத்தான் அவள் நாலு வருஷம் எழுதினாள். அதை எழுதிய அன்று பரிசோதனை நிலையத்துக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். நல்லா வந்திருக்கு என்று அவளுக்கே தெரிந்த ஒரே பக்கம் அது.

ஒன்பதரை மணிக்கு வேன் வந்தது.

முன்கண்ணாடியில் வாழைக்கன்றும், "தயாபரன் இல்லத் திருமணம்" என்று மஞ்சள் தாளும் கட்டிய வேனிலிருந்து இருபத்திரண்டு பேர் இறங்கினார்கள். பழத்தட்டு, பூத்தட்டு, பட்டு வேட்டித் தட்டு, முறுக்கு நிரம்பிய இரண்டு தகர டின், எல்லாம் வரிசையாக இறங்கியது. நடுக்கரைப்பாளையம் என்று ஊர் சொன்னார்கள். அப்படி ஓர் ஊர் எந்த வரைபடத்திலும் இல்லை, முன்னூற்றுப் பன்னிரண்டு நாவலிலும் இல்லை, ஆனால் அவர்கள் செருப்பில் அந்த ஊர்ச் செம்மண் ஒட்டியிருந்தது. எல்லோருக்கும் முன்னால் அரக்குச் சேலையில் எழுபத்தெட்டு வயது அம்மாள் ஒருத்தி வந்தாள்.

"நான் பாவாயிங்க. மாப்பளயோட அம்மா. பத்திரிகை வரலீன்னாலும் பலகையில பேரப் பாத்தப்பறம் வராம இருக்க முடியுங்களா?" என்றாள்.

இந்த இடத்தில் வேறு ஏதாவது கூட்டமாக இருந்தால் என்ன செய்திருக்குமோ தெரியாது. வந்திருந்தவர்கள் வாசகர்கள்; விளக்கம் வரும் என்று தொண்ணூற்றாறு பக்கம் பொறுத்துப் பழகியவர்கள். யாரும் மயங்கி விழவில்லை, யாரும் கையைக் கிள்ளிப் பார்த்துக்கொள்ளவில்லை. பன்னீர் தெளிக்க ஆள் இல்லையே என்பதுதான் முதல் கவலையாக இருந்தது. ஷீலாவின் அப்பா ஒன்பதாவது நாவலில் கொலையாகிவிட்டார், அண்ணன் நாற்பதாவது நாவலிலிருந்து ஜெயிலில் இருக்கிறான், ஆக பெண் வீட்டில் யாரும் வரப்போவதில்லை என்று ஒருவர் கணக்குச் சொன்னதும், இருநூறு வாசகர்களும் ஒரு மூச்சில் பெண் வீட்டாராக மாறினார்கள். சாதிக்பாட்சா தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, "வாங்கம்மா, வாங்க. காப்பி சாப்பிட்டுட்டு உள்ள வாங்க" என்று கை கூப்பினார். அடையாள அட்டைதான் சிக்கலாகிவிட்டது. வாசகருக்கு மஞ்சள், விருந்தினருக்குச் சிவப்பு என்று இரண்டு நிறம்தான் அடித்திருந்தார்கள். மூன்று பேர் குழு கூடி விவாதித்து, அட்டையைத் திருப்பி வெள்ளைப் பக்கத்தில் 'குடும்பத்தார்' என்று பேனாவால் எழுதி இருபத்திரண்டு பேர் கழுத்திலும் மாட்டிவிட்டது.

"மாப்பளயெங்க?" என்றார் தாய்மாமன் மாரப்பன்.

"போன மாசம் சிம்லாவுல பனிச்சரிவுல மாட்டிக்கிட்டாருங்க. இன்னும் வெளிய வரலை. தொடரும் போட்டிருக்கு" என்றார் சாதிக்பாட்சா, ரயில் தாமதத்தை அறிவிக்கிறவரைப் போல.

பாவாயம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "சொட்டரு போட்டிருக்கானுங்களா?"

கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. நாவலில் அவன் நீளக் கோட்டு போட்டிருந்தான். உள்ளே ஸ்வெட்டர் உண்டா என்று மதனகோபி எழுதவில்லை. உண்டு என்றே எடுத்துக்கொள்ளலாம் என்று கைதூக்கி முடிவு செய்து அம்மாளுக்குச் சொன்னார்கள். அவள் கொஞ்சம் ஆறுதலாக மூச்சு விட்டு, "எப்பவும் இப்படித்தானுங்க. நோம்பி நொடிக்குக்கூட வரமாட்டான். வேலை வேலைன்னு போயிருவான்" என்றாள்.

மாப்பிள்ளை இல்லை என்பதற்காக முகூர்த்தம் காத்திருக்காது என்று மாரப்பன் ஒற்றைக் காலில் நின்றார். மேடை ஓரத்தில், வாசகர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள, துப்பாக்கியோடு தயாபரனின் ஆளுயர அட்டைப் படம் ஒன்று நின்றது. தாய்மாமன் உயிரோடு இருக்கும்போது மாப்பிள்ளை வெறுந்தலையோடு நிற்பதா என்று சொல்லி, மாரப்பன் அந்த அட்டைத் தலைக்குச் சரிகை உருமாலை மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டினார். ஷீலாவுக்கு ஆளுயரப் படம் இல்லாததால், அவள் முகம் போட்ட பழைய நாவல் அட்டை ஒன்றைப் பக்கத்தில் சாய்த்து வைத்தார்கள். மேனேஜர் நாதஸ்வர ஒலிநாடாவைப் போட்டார். அட்சதை விழுந்தது. பாவாயம்மாள் முந்தானையால் அட்டையின் முகத்தைத் துடைத்து, "மூக்கு என்ற மாமனார் மூக்குத்தான். உடம்புதான் இப்படி இளைச்சுக் கெடக்குது" என்றாள். வாசகர்கள் பலர் விசும்பினார்கள்.

அதற்குப் பிறகுதான் மதனகோபி கறுப்புக் கண்ணாடியோடு காரில் வந்து இறங்கினார். சாதிக்பாட்சா பெருமையோடு அவரை அழைத்து வந்து, "அம்மா, இவருதான் தயாபரனை உருவாக்கினவர்" என்று அறிமுகம் செய்தார்.

பாவாயம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "இவரு உருவாக்குனாருன்னா, பத்து மாசம் நான் சுமந்தது ஆரைங்க?"

மாரப்பன் வேட்டியை மடித்துக் கட்டத் தொடங்கிவிட்டார். செத்துப்போன மச்சானின் மானம் அல்லவா. எழுதியவர் என்றுதான் சொல்ல வந்தோம், எழுத்து வேலை மட்டும்தான் இவருடையது என்று நாலு பேர் சேர்ந்து சமாதானம் செய்த பிறகுதான் மடித்த வேட்டி இறங்கியது.

"எழுதுனீங்களே சாமி, அவனுக்கு ஆருமில்லீன்னு எதுக்கு எழுதுனீங்க?" என்றாள் அம்மாள். கோபமாகக் கேட்கவில்லை.

மதனகோபி கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். "தொண்ணூத்தாறு பக்கம்மா. அதுக்குள்ள கொலை, விசாரணை, துரத்தல், தீர்ப்பு எல்லாம் அடங்கணும். அம்மான்னு ஒருத்தரை வெச்சா, மூணாவது அத்தியாயத்துல போன் பண்ணிச் சாப்பிட்டியான்னு கேப்பாங்க. விறுவிறுப்பு போயிடும்."

"அரைப் பக்கம் போதுமுங்களே" என்றாள் பாவாயம்மாள்.

மதனகோபி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முதல் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

நிகழ்ச்சி நிரலில் அடுத்தது வினாடி வினா. குடும்பத்தாரை விட்டுவிட்டு நடத்துவது மரியாதை இல்லை என்று பாவாயம்மாளையும் ஓர் அணியாக உட்கார வைத்தார்கள். தயாபரனின் வயது என்ன என்றதும் அவள் ஐம்பத்தெட்டு என்றாள். எல்லா நாவலிலும் முப்பத்திரண்டு என்பதால் தவறு என்று மணி அடித்தார்கள். தோளில் உள்ள தழும்பு எப்படி வந்தது என்றதற்குக் கரும்பாலையில் விழுந்தது என்றாள். நாற்பத்தேழாவது நாவலில் கொடைக்கானல் சிறுத்தை கீறியதாக இருந்ததால் மறுபடியும் மணி. வீட்டில் அவனை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று ஒரு கேள்வி இருந்திருந்தால் ஜெயித்திருப்பாள், யாரும் கேட்கவில்லை. பெற்ற தாய் பூஜ்யம் வாங்கி, ஆறுதல் பரிசாக ஒரு எவர்சில்வர் டம்ளரோடு இறங்கினாள். விதி விதிதான் என்று நடுவர்கள் வருத்தத்தோடு சொல்லிக்கொண்டார்கள்.

சாப்பாட்டுப் பந்தியில் கோகிலவாணிக்குப் பக்கத்து இலையில் பாவாயம்மாளே வந்து உட்கார்ந்தாள். காலையிலிருந்து அந்த அம்மாளின் கண்ணில் படாமல் கோகிலவாணி தூண் தூணாக ஒளிந்துகொண்டிருந்தது வீணாயிற்று.

"பேரென்ன அம்முணி?"

"கோகிலவாணிங்க."

"நீயும் கதை படிக்கப் போறயாமா? என்ற பையனப் பத்தியா?"

"ஆமாங்க."

"ஒன்ற கதையிலயாவது சோறு திங்கறானா? இங்க இத்தன பேரக் கேட்டுட்டேன். கறுப்புக் காப்பி குடிப்பானாம், மிட்டாய் மாதிரி என்னமோ மெல்லுவானாம். இருபத்தாறு வருசமா ஒரு வாய் சோறு தின்னதா ஆரும் சொல்ல மாட்டேங்கறாங்க."

கோகிலவாணி தன் நோட்டை மனதுக்குள் புரட்டிப் பார்த்தாள். எண்பத்திரண்டு பக்கத்திலும் அவன் சாப்பிடவில்லை. அவளுக்கும் அது இதுவரை தோன்றியதே இல்லை. இலையில் இருந்த சாம்பார் சாதத்தை விரலால் ஒதுக்கினாள். பாவாயம்மாள் தன் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்து அவள் இலையில் வைத்து, "ஒடம்பு தேறணும் அம்முணி, தின்னு" என்றாள்.

பந்தி முடிந்ததும் கோகிலவாணி மணமகள் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். அவன் சாகவில்லை, பிழைத்துக்கொண்டான் என்று கடைசிப் பக்கத்தை மாற்றி எழுதினாள். படித்துப் பார்த்தாள். போலியாக இருந்தது, அவளுக்கே வாயில் கசந்தது. அடித்தாள். பழைய பக்கத்தைப் படித்தாள். கண்ணெதிரே முதல் வரிசை நாற்காலியும் அரக்குச் சேலையும் தெரிந்தன. பெற்றவளை உட்கார வைத்துக்கொண்டு, உன் பிள்ளை அநாதைப் பிணம் என்று மைக்கில் படிக்க எந்த நாக்கு துணியும்? படிக்காமல் போனால் பஸ் ஏறித் திருச்செங்கோட்டுக்குப் போக வேண்டியதுதான். நாளைக்கு நாற்பது கை. அடுத்த வருஷம் தயாபரனும் இருக்க மாட்டான், மதனகோபியும் எழுத மாட்டார். எழுத்தாளர் ஆகிற ஆசை மொத்தமும் இந்த ஒரு கால் மணி நேரத்தில் வந்து மாட்டிக்கொண்டதே என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

வெளியே வந்தால் இன்னொரு சேதி. மற்ற மூன்று பேரும் பெயரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்களாம். ஒருவர் கதையில் தயாபரன் ஷீலாவுக்கு முத்தம் கொடுக்கிறான். தாய்மாமன் முன்னால் அதை எப்படிப் படிப்பது. இன்னொருவர் கதையில் தயாபரனே கொலைகாரன். மூன்றாமவர் காரணம் சொல்லாமலே பஸ் ஏறிவிட்டார். "நீங்க ஒருத்தர்தாம்மா பாக்கி. மானத்தைக் காப்பாத்துங்க" என்று சாதிக்பாட்சா கும்பிட்டார்.

கோகிலவாணி மேடை ஏறினாள். பனியிலிருந்து அவன் மீண்டதைப் படித்தபோது மண்டபம் கை தட்டியது. பாவாயம்மாள் சாமியைக் கும்பிட்டுக்கொண்டாள். வழக்கைப் படித்தாள். கொலைகாரனின் வீட்டு முகவரி தயாபரன் கையில் கிடைக்கிற இடம் வந்தது. அங்கிருந்து கத்திக்குத்துக்கு ஒரே பக்கம்தான். அவள் நோட்டிலிருந்து கண்ணை எடுத்தாள். எழுதாத ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தாள்.

"முகவரியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்ட தயாபரன், காரைத் திருப்பினான். நடுக்கரைப்பாளையத்துக்கு ஓட்டினான். வீட்டு வாசலில் கார் நின்றது."

"வாசல்ல நிக்காது அம்முணி" என்றாள் பாவாயம்மாள் கீழேயிருந்து. "வாய்க்காலுக்குப் பாலமில்ல. அக்கரையில நிறுத்திப்போட்டு நடந்துதான் வரோணும்."

"வாய்க்காலுக்கு அக்கரையில் காரை நிறுத்திவிட்டு நடந்து வந்தான். அம்மா சோறு போட்டாள். கத்திரிக்காய்க் குழம்பு..."

"கத்திரிக்கா அவனுக்கு ஆகாது. ஒடம்பெல்லாம் தடிச்சிரும்."

"அரிசிம்பருப்புச் சோறுன்னு வெய்யி. மேல நெய்யி" என்றார் மாரப்பன். "சின்ன வெங்காயம் நெறையப் போட்டு" என்றாள் பின்வரிசைச் சித்தி ஒருத்தி. கோகிலவாணி எல்லாவற்றையும் வாங்கி வாங்கிச் சொன்னாள். அரிசிம்பருப்புச் சோறு, நெய், சின்ன வெங்காயம், கரைத்த மோர். முன்னூற்றுப் பன்னிரண்டு நாவல்களாகப் பட்டினி கிடந்தவன் இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டான்.  மண்டபமே அவன் மெல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தது.

"கை கழுவிட்டானா?" என்றாள் பாவாயம்மாள்.

"கழுவிட்டாருங்க."

"சரி அம்முணி. போதும். மிச்சத்த நாங்க போனப்பறம் படிச்சுக்க." அவள் எழுந்து முந்தானையை உதறிக்கொண்டாள்.

"முடிவக் கேக்காமயா போறது?" என்றார் மாரப்பன்.

"இந்தப் புள்ள காத்தாலருந்து என்ற மூஞ்சியப் பாக்க மாட்டேங்குது. எனக்குத் தெரியாதா?" என்றாள் அவள். மேடைப் பக்கம் திரும்பி, "நீ படி கண்ணு. உனக்கும் பொழப்பு ஆகோணுமல்ல" என்றாள்.

இருபத்திரண்டு பேரும் தட்டுகளை எடுத்துக்கொண்டார்கள். முறுக்கு டின் இரண்டையும் பெண் வீட்டாருக்கு என்று விட்டுவிட்டார்கள். வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. கோகிலவாணி மைக்கைப் பிடித்தபடி நின்றாள். இருநூறு பேரும் அசையாமல் காத்திருந்தார்கள். வாசலில் நின்ற சாதிக்பாட்சா, வேன் பைபாஸில் ஏறி லாரிகளுக்குப் பின்னால் மறைகிறவரை பார்த்துவிட்டு, உள்ளே திரும்பித் தலையை ஆட்டினார்.

அவள் படித்தாள். கத்தி இறங்கியது. ஆஸ்பத்திரி வந்தது. பிணவறை வந்தது. அநாதைப் பிணம் என்று சீட்டு எழுத ஊழியர் பேனாவை எடுத்தார். நோட்டில் அந்தச் சீட்டோடு கதை முடிந்திருந்தது, ஆனால் அப்படி முடிக்க அவளுக்கு வாய் வரவில்லை. பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் அந்த ஊழியரின் கையைப் பிடித்து நிறுத்தினார். "இரைப்பையில் அரிசியும் பருப்பும் இருக்கிறது. நெய் இருக்கிறது. மோர் இருக்கிறது. ஓட்டல் சாப்பாடு இப்படி இருக்காது. யாரோ பக்கத்தில் உட்கார்ந்து இரண்டாவது தடவை பரிமாறியிருக்கிறார்கள். இவனுக்கு ஆள் இருக்கிறது. தேடுங்கள்" என்றார்.

அவள் நோட்டை மூடினாள். யாரும் கை தட்டவில்லை. இருநூறு பேரும் சாவு வீட்டில் எழுந்து நிற்பதுபோல எழுந்து நின்றார்கள், சிலர் வாய்விட்டே அழுதார்கள்.

மதனகோபி கம்பைத் தேடி எடுத்து மெல்ல மேடை ஏறி வந்தார். கண்ணாடிக்குக் கீழே கன்னம் நனைந்திருந்தது. இருபத்தாறு வருஷத்துச் சோற்றுக்கு வழிசெய்த ஆளை அவர் கண்முன்னாலேயே கொன்றுவிட்டோம், இனி திட்டத்தான் போகிறார் என்று கோகிலவாணி நினைத்தாள்.

"நான் அவனைப் பட்டினி போட்டே உயிரோட வெச்சிருந்தேன்" என்றார் அவர். "நீ சோறு போட்டுக் கொன்னுட்ட."

நோட்டுக்காகக் கையை நீட்டினார். கோகிலவாணி கொடுக்கவில்லை. "இருங்கய்யா, அந்த அரைப் பக்கத்தை இன்னும் எழுதலை" என்று சொல்லிவிட்டு, மேடையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, வாய்க்கால், நடை, அரிசிம்பருப்பு என்று மறக்கும் முன் எழுத ஆரம்பித்தாள். அவள் எழுதி முடிக்கும்வரை மதனகோபி பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார்.